நுரை வராத போத்தல்கள்

ஈரத்துணியால் போத்தலின் கழுத்தைத் துடைத்துக்கொண்டே அக்னெஸ் நிலவறைப் படிகளில் ஏறி வந்தாள். கடைசிப் படியில் கால் ஒரு கணம் தயங்கியது. ஒன்பது வருடமாக அந்தப் படியைத் தாண்டி ஒரு பியர்ப் போத்தலும் மேலே வந்ததில்லை. அது அவள் போட்ட சட்டம்.

"கொண்டு வந்திட்டீரோ?"

முன்னறையில் போட்டிருந்த ஆசுபத்திரிக் கட்டிலிலிருந்து கிறகரி கேட்டார். குரல் பாதி காற்றாகத்தான் வந்தது.

"வாறன், வாறன். அதுக்குள்ள எங்க போகப்போறியள்?"

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள். கிறகரி சிரித்தார். கட்டிலருகே இருந்த மகள் றொஷினி யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

கிறகரி டோர்வல் விமான நிலையத்தில், விமானங்களுக்குச் சாப்பாடு கட்டும் சமையற்கூடத்தில் பதினேழு வருடம் வேலை செய்தவர். அங்கே கூட நின்ற லுக் என்ற வெள்ளைக்காரன்தான் அவருக்கு இந்தப் பைத்தியத்தைப் பிடிக்க வைத்தவன். வீட்டில் தானே காய்ச்சிய பியர் என்று ஒரு குளிர்காலத்தில் அவன் கொண்டுவந்து கொடுத்ததைக் குடித்துவிட்டு, "அக்னெஸ், அது பியரில்லை, சமையல்" என்று சொல்லிக்கொண்டு வந்தார். அடுத்த மாதமே பெரிய பானையும் கண்ணாடிக் குடமும் நீளக் கரண்டியும் வீட்டுக்கு வந்துவிட்டன.

ஊரில், பாசையூரில், அக்னெஸைப் பெற்ற அப்பு குடித்தே குடும்பத்தைக் கரைத்தவர். குடிக்காத மாப்பிள்ளைதான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்று கட்டியவள் அவள். பானை வந்த அன்றிலிருந்து மூன்று நாள் கதைக்காமல் இருந்துவிட்டு, நாலாம் நாள் சட்டத்தைச் சொன்னாள். காய்ச்சுவதும் குடிப்பதும் கீழே. மேலே ஒரு சொட்டும் வரக்கூடாது.

கிறகரி அதை ஒருநாளும் மீறவில்லை. வெளியே பனி கொட்டும் வெள்ளிக்கிழமைப் பின்னேரங்களில் அவரும் லுக்கும் கீழே சின்னச் சின்னக் கிளாசுகளை வரிசையாக வைத்து, புதுப்புது பியர்களை ஒவ்வொரு வாயாகச் சுவைத்துப் பார்ப்பார்கள். "இதில கொத்தமல்லி கிடக்கு." "இது தோடம்பழத் தோல்." அவர் பாதித் தமிழிலும் அவன் பிரெஞ்சிலும் சண்டை பிடிப்பது மேலே கேட்கும். பிறகு வாயில் ஏலக்காயைப் போட்டு மென்றுகொண்டு, சத்தமில்லாமல் மேலே வருவார். வீட்டில் ஏலக்காய் வாசம் அடித்தால் வெள்ளிக்கிழமை என்று அக்னெஸுக்குத் தெரியும். தெரிந்ததாக அவள் காட்டிக்கொண்டதில்லை.

ஒக்டோபரில் கணையத்தில் கட்டி என்றார்கள். மருந்து ஏற்றத் தொடங்கியதும் முதலில் நாக்குத்தான் போனது. சோறும் சரி, சொதியும் சரி, எல்லாம் இரும்பை நக்கினதுபோல இருக்கிறது என்றார். ஆனாலும் டிசம்பரில் ஒரு கறுப்பு பியர் காய்ச்சினார். கதிரையில் இருந்து அவர் சொல்லச் சொல்ல, லுக் பானையைத் தூக்கி இறக்கினான். ஜனவரி நடுவில் அதைப் போத்தலில் அடைத்தார்கள். இப்போது பெப்ரவரி. இன்னும் சில நாள்தான் என்று வீட்டுக்கு வரும் தாதி வியாழக்கிழமை சொல்லிவிட்டுப் போயிருந்தாள்.

அக்னெஸ் மூடியைத் திறந்து கொஞ்சத்தைக் கிளாசில் ஊற்றினாள்.

"எனக்கு வேண்டாம். எனக்கு ஒண்டும் விளங்காது," என்றார் கிறகரி. "நீர் குடிச்சுப் பாரும்."

"நானோ?"

"றொஷினிக்குக் கோலாதான் தெரியும். உம்மட நாக்குக்கு உப்பு ஒரு கல்லுக் கூடினாலும் தெரியும்."

அவள் கிளாசைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அப்பு உடுத்திருந்த சாறத்தில் அடித்த மணம் இதில் இல்லை. சிலுவை போட்டுக்கொண்டு ஒரு வாய் குடித்தாள். முகம் சுருங்கியது.

"கைக்குது."

"கைக்கத்தானே வேணும். பேந்து?"

"கோப்பிக் கொட்டையைக் கருக விட்ட மாதிரி..." இன்னொரு வாய் குடித்தாள். "விழுங்கினாப் பிறகு அடியில பனங்கட்டி மாதிரி ஒண்டு நிக்குது."

கிறகரியின் கண் அகன்றது. "பனங்கட்டியோ? வடிவாப் பாரும்."

"ஓம். பனங்கட்டிதான்."

"நுரை?"

"நுரை ஒண்டும் இல்லை. ஆறின தேத்தண்ணி மாதிரிக் கிடக்கு."

அவர் கண்ணை மூடி யோசித்தார். குழம்பு ஏன் தடிக்கவில்லை என்று தான் யோசிக்கும்போது தன் முகமும் இப்படித்தான் இருக்குமோ என்று அக்னெஸுக்குத் தோன்றியது.

"பழுதாகேல்லை. கீழ குளிர் கூடிப்போச்சு. பொங்க வைக்கிற ஈஸ்ற் நித்திரையாப் போச்சுது. சூடான இடத்தில வைச்சா எழும்பும்."

"எவ்வளவு நாளைக்கு?"

"ரெண்டு மூண்டு கிழமை. பேந்து ஒரு மாசம் தொடாமல் விட்டா நல்லா வரும்."

 கட்டிலுக்குப் பக்கத்து ஹீற்றர் டிக் டிக்கென்று சூடேறியது.

அக்னெஸ் கிளாசை வைத்துவிட்டு எழும்பினாள். கீழே போய்க் கைக்கு ஒன்றாக இரண்டு போத்தல்களைக் கொண்டுவந்து, ஹீற்றருக்குப் பக்கத்தில் சுவரோரமாக வைத்தாள். திரும்பவும் போனாள்.

"இஞ்சாரும், அதைப் பேந்து லுக் வந்து தூக்குவான்."

"நீங்கள் பேசாமல் படுங்கோ."

அவள் வரும்போதெல்லாம் கிறகரி தலையைத் திருப்பிப் போத்தல்களைப் பார்த்தார். "கொஞ்சம் தள்ளி வையும், சூடு கூடிப்போம்," என்றார் ஒருமுறை. பிறகு கண்ணை மூடிக்கொண்டார். மூச்சு இடைவெளி விட்டு விட்டு வந்தது. றொஷினி அவர் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

பதினாறாம் தடவை அக்னெஸ் கீழே நின்றபோது, "அம்மா" என்று கேட்டது. றொஷினி கத்தவில்லை. சின்னப்பிள்ளையாக இருந்தபோது கூப்பிடும் குரல் அது.

அவள் கையிலிருந்த இரண்டையும் விடாமல் படியேறி வந்தாள். அவற்றைச் சுவரோரம் வைத்துவிட்டுக் கட்டிலண்டை போனாள். அவருடைய நெற்றி இன்னும் சூடாக இருந்தது. கன்னத்தைத் தடவி, வாயோரம் ஒட்டியிருந்த ஈரத்தைச் சேலைத் தலைப்பால் துடைத்துவிட்டாள். நெற்றியில் சிலுவை போட்டாள்.

"தாதிக்கு ரெலிபோன் அடி பிள்ளை," என்றாள்.

றொஷினி அழுதழுது ரெலிபோனில் கதைத்துவிட்டுத் திரும்பியபோது, தாய் மறுபடியும் நிலவறைக் கதவடியில் நின்றாள்.

"அம்மா, என்ன செய்யிறீங்க?"

"இன்னும் பத்துப் போத்தல் கிடக்கு."

அடக்கம் வெள்ளிக்கிழமை நடந்தது. சேமக்காலையில் நிற்கமுடியாத குளிர். ஆட்கள் வீட்டுக்கு வந்து கோப்பி குடித்தார்கள். முன்னறைச் சுவரோரம் பூப்போட்ட குயில்ற்றுப் போர்வையால் போர்த்தியிருந்ததை, பங்குக் கோயிலில் பாட்டுப் பாடும் குணேஸ்வரி மெல்லத் தூக்கிப் பார்த்துவிட்டுத் திடுக்கிட்டாள்.

"அக்னெஸ், பாதர் வரப்போறார். ஒருக்காக் கீழ கொண்டுபோய் வைப்பமே?"

"இருக்கட்டும் அக்கா. குளிர் படக்கூடாது."

லுக் பிந்தித்தான் வந்தான். கழுத்தில் கட்டிய ரை இறுகியிருந்தது. அக்னெஸின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டான். பிறகு முழங்காலிட்டு ஒரு போத்தலை எடுத்து, யன்னல் வெளிச்சத்தில் பிடித்து அடியைப் பார்த்தான்.

"கிறகரிக்காக ஒன்று திறப்போமா?" என்று பிரெஞ்சில் கேட்டான்.

கதைத்துக்கொண்டிருந்தவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். பாதரும் கோப்பிக் கோப்பையோடு திரும்பிப் பார்த்தார். அக்னெஸுக்குப் பிரெஞ்சு கொஞ்சம்தான் வரும். வேண்டாம் என்ற ஒரு சொல்லுக்குப் பிறகு தமிழே வாயில் வந்தது.

"நோன், லுக். இன்னும் பொங்கேல்லை. அதோட தபசுகாலம் வருது. ஈஸ்ரருக்கு வாரும்."

றொஷினி மொழிபெயர்த்தாள். லுக் தலையை ஆட்டிக் கேட்டான். போத்தலை இருந்த இடத்திலேயே வைத்து, குயில்ற்றை இழுத்து நன்றாக மூடிவிட்டான். எழும்பும்போது முகத்தைக் கோட்டுக் கையால் துடைத்தான்.

நாலு மணிக்கு எல்லாரும் போய்விட்டார்கள். தெருவில் பனி அள்ளும் வண்டிகளுக்கு முன்னால் வரும் சைரன் ஊளையிட்டது. கார்களை எடுக்கச் சொல்லும் சத்தம். றொஷினி கொழுவியிலிருந்த கார்த் திறப்பை எடுத்துக்கொண்டு ஓடினாள். அக்னெஸ் யன்னலடியில் நின்று பார்த்தாள். கிறகரியின் கார் இரண்டு தரம் இருமி, மூன்றாம் தரம் கிளம்பி, மூலை திரும்பிப் போனது.

அது நின்ற இடம் மட்டும், சுற்றிவர இருந்த வெள்ளைக்கு நடுவில், நீளச் சதுரமாகக் கறுப்பாகக் கிடந்தது. பனி மறுபடியும் தூவத் தொடங்கியது. முதலில் விழுந்த பொடிகள் உப்புப் படிந்த தாரில் பட்டுக் கரைந்தன. பிறகு விழுந்தவை கரையவில்லை.