முறைக்கிற மாமனார்

இறக்கிட்டேன்டி, கல்யாணப் படம் எல்லாத்தையும் கம்ப்யூட்டர்ல இறக்கிட்டேன், நீ கையிலிருக்கற வேலைய முடிச்சிட்டு நேரா வீட்டுக்குப் போ என்றுதான் அக்கா போனில் சொன்னாள், சாதாரணமாக, வாயில் எதையோ மென்றுகொண்டே சொன்னாள், அதற்கு இவள் என்ன சொன்னாள்... சும்மா கத விடாதக்கா, உன் லட்சணம் எனக்குத் தெரியாதா, கேமரா கார்டு இன்னும் ரீடர்லயே தொங்கிட்டிருக்கும். அந்தப் பக்கம் ஒரு சத்தம். சிரித்தாளா, பெருமூச்சு விட்டாளா, போனில் இரண்டும் ஒரே மாதிரிதான் கேட்கிறது. அப்போது மணி நாலரை. ஆறு மணிக்கு ஸ்டூடியோவைப் பூட்டிவிட்டு இறங்கிய அக்கா பாதிப் படிக்கட்டில் உட்கார்ந்தாள், கீழ்க்கடைத் தையல்காரர் தண்ணீர் கொண்டுவருவதற்குள் சுவரில் சாய்ந்துவிட்டாள், நெஞ்சு என்றார்கள், ஐம்பத்தொரு வயதில் என்ன நெஞ்சு, அதற்குமுன் ஒரு நாளாவது வலிக்கிறது என்று சொல்லியிருப்பாளா, அவளா, தலைவலிக்கே ஊரைக் கூட்டுகிறவள்.

நாலாம் நாள் அக்காவின் மூக்குக்கண்ணாடியை எடுக்க ஸ்டூடியோவுக்கு வந்தபோது பார்த்தாள், கார்டு ரீடரில்தான் இருந்தது. இறக்கியதும் கார்டை எடுத்துத் தகர டப்பாவில் போட வேண்டும், அது இவள் போட்ட விதி, அக்கா மதிக்காத விதி. டப்பாவில் இல்லையென்றால் இறக்கவில்லை என்று அர்த்தம். அப்போது வந்த எரிச்சலை யாரிடம் சொல்வது, செத்துப்போனவள்மேல் எரிச்சலா என்று கேட்பார்கள், ஆனால் வந்தது, கடைசியாகப் பேசிய பேச்சுகூடப் பொய்தானா உனக்கு... நின்றவாக்கிலேயே நானூற்றுப் பன்னிரண்டு படத்தையும் இறக்கினாள், கார்டை டப்பாவில் போட்டு மூடினாள், திரையைக்கூடப் பார்க்காமல் அணைத்துவிட்டுப் போனாள். அதோடு ஆறு வாரம். படம் எடுப்பது இவள், படத்தைத் திருத்துவது அக்கா, பதினாறு வருஷமாக அப்படித்தான், திருத்துகிறவளின் நாற்காலியில் இவள் எதற்கு உட்கார வேண்டும். நேற்று அந்தக் கல்யாணப் பெண் போன் செய்தாள், மூன்றாம் முறை, அவசரமில்லங்க, அம்மாதான் கேட்டுட்டே இருக்காங்க என்று இழுத்தாள். அதனால் இன்று காலை உட்கார்ந்தாள், நாற்காலி உயரம் அதிகம், கால் தரையில் பாவவில்லை. திறந்தால் எல்லாமே இரண்டு. இரண்டு மணப்பெண், இரண்டு மாப்பிள்ளை, ஒவ்வொரு படத்திலும் கேமராவையே முறைத்துக்கொண்டு நிற்கும் அந்த மாமனார் இரண்டு பேர். ஒருவர் முறைத்ததே தாங்கவில்லை. மூடித் திறந்தாள், கம்ப்யூட்டரையே அணைத்துப் போட்டாள், கேமரா ஒவ்வொன்றையும் இரண்டு விதமாகச் சேமித்திருக்குமோ என்று அதையும் பார்த்தாள், இல்லை. கண்ணுக்குத்தான் ஏதாவது ஆகிவிட்டதா...

கடைசியில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கிறவரைப் போனில் பிடித்தாள். நீங்க ரெண்டு தடவ இறக்கியிருப்பீங்கக்கா என்றார் எடுத்த எடுப்பில். ஒரே தடவதான் தம்பி, எனக்கென்ன பைத்தியமா. ரெண்டாந்தடவ இறக்கினாலும் அதுவே பேர வச்சுக் கண்டுபிடிச்சு நிறுத்திடணுமே, பெரியக்கா இருந்திருந்தா... என்றவர் வராத இருமலை இருமினார். பிறகு அவரே வேகவேகமாக, சரி விடுங்க, இரட்டையா இருக்கறத அழிக்க ஒரு பட்டன் இருக்கு, கடைசியா இறக்கினத வச்சுக்கிட்டுப் பழசத் தூக்கிரும், ஒரு நிமிஷ வேல என்று சொல்லிக்கொடுத்தார். சொன்னபடி செய்தாள். நானூற்றுப் பன்னிரண்டு படங்கள் அழிக்கப்படும், சம்மதமா என்று திரை கேட்டது. விரல் மௌஸ்மேல்தான் இருந்தது. இருங்க இருங்க, அழிக்கறதுக்கு முன்னாடி பேர ஒரு தடவ பாத்துருங்க என்றார் அவர். பேரு எதுவும் தெரியலயே தம்பி. பேரே தெரியாத மாதிரி வச்சிருக்கீங்களா, யாரு வேல இது? யார் வேலை, இவள் வேலைதான், படத்தின் அடியில் பெயர் வருவதைப் பல வருஷத்துக்கு முன்பே மறைத்து வைத்தவள் இவள், காரணம் அக்கா. ஒவ்வொரு கல்யாணத்துக்கும் ஒரு பட்டப்பெயர் வைத்துத்தான் அவள் படங்களை இறக்குவாள், தூங்குமூஞ்சி மாப்பிள்ளை ஒன்று, தூங்குமூஞ்சி மாப்பிள்ளை இரண்டு, இப்படி. ஒருமுறை வாடிக்கைக்காரம்மா பின்னால் நின்று எட்டு அத்தைகள் என்று படித்துவிட்டாள். இவளுக்கு உயிரே போயிற்று. அந்தம்மா ஏழுதான், ஒண்ணு சித்தி என்று திருத்திவிட்டுப் போனாள்.

பெயரைத் திறந்தாள். ஒன்றின் கீழே கேமரா கொடுத்த வெறும் எண். பக்கத்தில் அதே படம், முறைக்கிற மாமனார் ஒன்று. முறைக்கிற மாமனார் இரண்டு. மூன்று. கல்யாணத்துக்கே வராதவளுக்கு மாமனார் முறைத்தது எப்படித் தெரியும், பார்த்திருக்கிறாள், எல்லாப் படத்தையும் பார்த்துச் சிரித்துப் பெயர் வைத்திருக்கிறாள்... இறக்கிய நேரம் அதிலேயே இருந்தது, அக்கா இறந்த அன்று பிற்பகல் மூன்று நாற்பத்திரண்டு. பெயர் மாறியதால்தான் நாலாம் நாள் இவள் இறக்கியபோது கம்ப்யூட்டருக்கு அடையாளம் தெரியவில்லை. கார்டை எடுத்து வைக்கவில்லை, அவ்வளவுதான், சோம்பேறி, பொய்க்காரி இல்லை. அக்கா, என்னாச்சுக்கா, அழிஞ்சிருச்சா என்றார் போனில். ஒண்ணுமில்ல தம்பி, அப்புறம் கூப்பிடறேன் என்று வைத்துவிட்டாள்.

வேண்டாம் என்பதை அழுத்தினாள். இரண்டிரண்டாகப் பெரிதாக்கிப் பார்த்தபோதுதான் தெரிந்தது, முதல் முப்பத்தெட்டு ஜோடியும் ஒன்றுபோல் இல்லை. அக்காவின் கை அப்படி, தொட்டது தெரிஞ்சா அது வேலையே இல்லடி என்பாள். அக்கா இறக்கிய படத்தில் கண்ணுக்கடியில் ஒரு நிழல் குறைந்திருந்தது, கழுத்துச் சங்கிலி உரசிய சிவப்பு இல்லை. இதைத்தான் அந்தப் பட்டன் பழசு என்று தூக்கியிருக்கும். ஒரு விரல் அசைவு... முதல் படத்தைத் தொட்ட நேரத்தைப் பார்த்தாள். நாலு முப்பத்திநாலு. போனை வைத்த நாலாவது நிமிஷம். மூன்று நாற்பத்திரண்டிலிருந்து ஒரு படத்தையும் தொடாதவள் நாலு முப்பத்திநாலுக்கு உட்கார்ந்திருக்கிறாள். ஏன், வேலை என்று உட்கார்ந்தாளா, கதை விடாதே என்று இவள் சொன்னதற்காக உட்கார்ந்தாளா, இரு உனக்குக் காட்டுகிறேன் என்றா. அப்படிச் சொல்லாவிட்டால் நாலரைக்கே கிளம்பியிருப்பாளா, வீட்டில் படுத்திருப்பாளா, பக்கத்தில் யாராவது இருந்திருப்பார்களா... எந்தப் படத்தின் கீழே அது எழுதியிருக்கும். கடைசியாகத் தொட்டது ஐந்து ஐம்பத்திரண்டு, முப்பத்தெட்டாவது படம், மணப்பெண்ணின் அம்மா, மண்டபத்து விளக்குச் சூட்டில் வியர்த்துப்போன முகம். இடது கன்னத்தை அக்கா துடைத்து முடித்திருந்தாள். வலது கன்னத்தில் வியர்வை அப்படியே மின்னிக்கொண்டிருந்தது.