கிடாரிக் கன்றுடன்

"அந்த வைக்கல் கன்ன முருங்கை நெழல்ல படுக்க வைங்கக்கா. மூஞ்சி அந்தப் பக்கமாத் திரும்பி இருக்கட்டும்," என்றான் கிளெமென்ட், காமிராவிலிருந்து கண்ணை எடுக்காமல்.

கண்ணம்மாள் பால் செம்போடு அசையாமல் நின்றாள். பசுவின் முன்னால் கிடந்தது செத்துப்போன கன்றின் தோல், உள்ளே வைக்கோல். கன்று காய்ச்சலில் போன அன்று தோலை உரித்து, உப்பும் சாம்பலும் தேய்த்துக் காயவைத்தது அவள் கணவன் பொன்னழகு. வைக்கோலை அடைத்து அடிவயிற்றைக் கோணி ஊசியால் தைத்தது அவள். அதை முன்னால் வைத்தால்தான் பசு நக்கிக்கொண்டே பாலை இறக்கும். முதல் நாள் அது நக்கியபோது கண்ணம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பிறகு பழகிவிட்டது. எப்படிப் பழகியது என்று சில சமயம் யோசிப்பாள். பாலை அடுப்பில் வைப்பதற்குள் அந்த யோசனையும் கலைந்துவிடும்.

"செத்ததப் போயிப் போட்டோ புடிக்கறதுங்களா?"

"நெட்டுல பாக்கறவன் என்ன தொட்டா பாக்கப் போறான்க்கா? கன்னோட இருக்குன்னாத்தான் குடும்பத்துக்காரங்க வருவாங்க. இல்லாட்டி இருக்கவே இருக்கு வேலுசாமி லாரி."

அந்தக் கடைசிச் சொல்தான் அவளை அசைத்தது. கிணறு வற்றிவிட்டது. பொன்னழகுக்குத் திருப்பூர் பனியன் கம்பெனியில் வேலை கிடைத்துவிட்டது. இருவரும் பாலசமுத்திரத்தை விட்டுப் போவதென்று முடிவானதும், அடிமாடுகளைக் கேரளாவுக்கு ஏற்றும் வேலுசாமியிடம் அவன் பேசிவிட்டான். திங்கட்கிழமை காலையில் லாரி வரும். ஏதாவது ஒரு வீட்டுக்குப் போகட்டும் என்று கண்ணம்மாள் அழுது கேட்டதற்கு, அதற்குள் ஆள் பிடித்தால் சரி என்றான். அவள் பஸ் ஏறித் திண்டுக்கல் போனாள். அங்கே கிளெமென்ட் பிரவுசிங் சென்டர் வைத்திருந்தான். ஊர் ஊராகப் போய் ஆடுமாடுகளைப் படம் பிடித்து நெட்டில் விளம்பரம் போடுவது அவனுக்குக் கூடுதல் பிழைப்பு.

கன்றை அவளே தூக்கிப் போய் நிழலில் வைத்தாள். கனமே இல்லை. காமிராவின் சின்னத் திரையில், வயிறு முட்டக் குடித்துவிட்டுத் தூங்கும் கன்று தெரிந்தது. விளம்பரத்தில் என்ன எழுதப் போகிறான் என்று கேட்டாள். வாசித்துக் காட்டினான்: "சாதுவான பசு. இரண்டாம் ஈத்து. கிடாரிக் கன்றுடன்."

"அது காளைங்க."

"உசுரே இல்ல. காளையா இருந்தா என்ன, கிடாரியா இருந்தா என்னக்கா?"

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து ஒரு தம்பதி காரில் வந்தார்கள். அந்தோணிமுத்து திண்டுக்கல்லில் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். மாடு வேண்டுமென்றது அவர் மனைவி அல்போன்சா. அவர்களுக்கு முன்பே கிளெமென்ட் பைக்கில் வந்து, பக்கத்து வீட்டு மாயம்மாளின் கிடாரிக் கன்றைக் கேட்டு வாங்கிக் கட்டியிருந்தான். தோல்கன்று வீட்டுக்குப் பின்னால் ஒரு சாக்குக்குக் கீழே கிடந்தது. பொன்னழகு எதிலும் சம்பந்தப்படாதவன்போல வாசற்படியில் உட்கார்ந்து பீடி குடித்துக்கொண்டிருந்தான்.

அல்போன்சா பசுவின் தாடையைத் தடவினாள். அது அவள் புறங்கையை நக்கியது. "இம்புட்டு சாதுவா இருக்கே," என்று சேலையை இழுத்துச் செருகினாள். "செம்பக் குடும்மா, நானே கறந்து பாக்குறேன். கன்ன அவுத்து விடுங்க."

காலையிலிருந்து தாயிடம் விடப்படாத கன்று ஓடிவந்து மடியை முட்டியது. பசு திரும்பி அதை மோந்து பார்த்தது. பிறகு உதைத்தது. கன்று துவைகல்லில் தாடை மோத விழுந்து, எழ முயன்று மறுபடி விழுந்தது.

"புது ஆளுகளப் பாத்து மெரளுதுக்கா," என்றான் கிளெமென்ட்.

அல்போன்சா மடியருகே உட்கார்ந்தாள். மடி கல்லாக இருந்தது. ஒரு சொட்டும் வரவில்லை. பசு தலையைத் தூக்கி வீட்டின் பின்பக்கம் பார்த்துக் கத்தியது. மறுபடியும் கத்தியது. ஒரே இழுப்பில் முளையைப் பிடுங்கிக்கொண்டு, கயிறு இழுபட, சுவரைச் சுற்றி ஓடியது.

எல்லோரும் பின்னால் போனார்கள். சாக்கு விலகிக் கிடந்தது. கண் இல்லாத அந்த முகத்தைப் பசு மெதுவாக, அவசரமே இல்லாமல் நக்கிக்கொண்டிருந்தது. காம்புகளிலிருந்து பால் தானாகவே மண்ணில் சொட்டிக்கொண்டிருந்தது.

அந்தோணிமுத்து தோல்கன்றைக் காட்டிக் கிளெமென்ட் பக்கம் திரும்பினார். "ஏப்பா, இந்தக் கிடாரி எப்ப சினைக்கு வரும்?"

கிளெமென்ட் பைக் சாவியைத் தேடினான்.

"கன்னு செத்துருச்சுன்னு சொல்லிருந்தா வாங்கிருப்பேன்மா," என்றாள் அல்போன்சா. குரலில் கோபம் இல்லை. "எங்கம்மா வீட்லயும் தோல்கன்னு வச்சுக் கறந்துருக்கோம்."

"இப்பவும் வாங்கிக்கங்கம்மா. பாருங்க, பாலு தானா எறங்குதுங்க," என்றாள் கண்ணம்மாள்.

"பாத்துக்கிட்டுத்தானே இருக்கேன். இனி நீ எதக் காட்டுனாலும் எனக்குப் பாலாத் தெரியாது."

கார் போயிற்று. மாயம்மாள் வந்து, வாயில் ரத்தம் ஒழுகிய தன் கன்றைத் தோளில் தூக்கிக்கொண்டு போனாள். கண்ணம்மாளை அவள் பார்க்கவே இல்லை. கண்ணம்மாள் தீவனத்தை அள்ளியபோது பொன்னழகு படியிலிருந்தே சொன்னான்: "போட வேண்டாம். நாளைக்குப் போறதுக்கு எதுக்குத் தீனி?"

மறுநாள் விடிந்ததும், "மடியில கெடக்கறத வேலுசாமிக்கு விடுவானேன், கறந்துரு," என்றான்.

அவள் தோல்கன்றை முன்னால் வைத்துவிட்டுச் செம்போடு உட்கார்ந்தாள். பசு நக்கியது. பால் இறங்கியது. வாய்க்கால் பாலத்தருகே லாரி ஹாரன் கேட்டது. அப்போதுதான் அவள் இடுப்பில் செருகியிருந்த செல்போன் அடித்தது.

"ஏனுங், கோயமுத்தூர்ல இருந்து பேசறமுங்க. நெட்டுல பாத்தோம். மாடு இருக்குதுங்களா?" ஒரு பெண் குரல்.

"இருக்குதுங்க."

"நாங்க இன்னைக்கே வாரமுங்க. கன்னு நல்லாருக்குதுங்களா? வைக்கல் கிக்கல் கடிக்கப் பழகிருச்சுங்களா?"

கண்ணம்மாள் வாயைத் திறந்தாள். லாரி சந்துக்குள் பின்பக்கமாக வந்துகொண்டிருந்தது. யாரோ பலகையைத் தட்டித் தட்டி வழி சொன்னார்கள். தோல்கன்றின் அடிவயிற்றில் அவள் போட்ட தையல் பிரிந்திருந்தது. இரவெல்லாம் பசித்திருந்த பசு நக்குவதை நிறுத்திவிட்டு அதற்குள் வாயை விட்டு, வைக்கோலைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து மென்றது. தோல் மெல்லத் தட்டையாகிக்கொண்டே வந்தது. "அலோ, கேக்குதுங்களா?" என்றது குரல். பால் இன்னும் அவள் விரல்களின் வழியாகச் செம்பில் இறங்கிக்கொண்டிருந்தது.