சிட்டம் தீரும்வரை

எங்கள் குடும்பத்தில் கெட்ட செய்தியைச் சும்மா சொல்ல மாட்டோம். கேட்பவளின் இரண்டு கைகளிலும் வளையமாகச் சுற்றிய கம்பளி நூல் சிட்டத்தை மாட்டிவிட்டு, எதிரே உட்கார்ந்து உருண்டையாகச் சுற்றிக்கொண்டே சொல்வோம். சிட்டம் மாட்டிய கையோடு யாரும் கோபித்துக்கொண்டு எழுந்து போக முடியாது. போனால் நூல் சிக்கும். சிக்கெடுக்கவாவது இரண்டு பேரும் மறுபடி சேர்ந்து உட்கார வேண்டும். அப்பா வேறொருத்தியோடு போய்விட்டதை அம்மா எனக்கு அப்படித்தான் சொன்னாள். அக்கா தன் விவாகரத்தை அம்மாவிடம் சொன்னதும் அப்படித்தான்.

அதனால் நான் புதுச் சிட்டத்தோடு உள்ளே நுழைந்ததுமே அம்மா சிரித்துவிட்டாள்.

"யாருக்கு என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆகலை. கையை நீட்டும்மா."

அம்மா அடுப்பை அணைக்க மறந்து சமையலறைத் திரை எரிந்ததிலிருந்து, அவளைத் தனியாக விட எங்களுக்குப் பயம். முதியோர் இல்லத்தில் இடம் பிடித்தாகிவிட்டது. அவளிடம் சொல்வதுதான் பாக்கி. ஃபோனில் புலியாகப் பேசிய அக்கா, அம்மா என்றதும் எலியாகி, அந்த வேலையை என் தலையில் கட்டிவிட்டாள். உன் வீட்டில் வைத்துக்கொள்ளலாமே என்று என்னைக் கேட்காதீர்கள். அந்தக் கேள்வியை நானே கேட்டுக்கேட்டுப் புழுங்கிக்கொண்டிருக்கிறேன்.

சுற்ற ஆரம்பித்தேன். நூல் தடையில்லாமல் வர, அம்மா கைகளை இப்படியும் அப்படியும் சாய்த்துக் கொடுத்தாள்.

"இறுக்காதேடி. இறுக்கிச் சுத்தினா நூல் இழுபட்டுடும். பின்னித் துவைச்சதும் ஸ்வெட்டர் சுருங்கிப்போகும்."

உருண்டையோடு விரல்களையும் சேர்த்துத் தளர்வாகச் சுற்றிப் பார்த்தேன். அடுத்த சுற்றில் சொல்லிவிடலாம், அதற்கடுத்த சுற்றில் சொல்லிவிடலாம் என்று இருக்கும்போதே நூல் தீர்ந்துவிட்டது.

"முடிஞ்சுதும்மா. கையை இறக்கு."

அம்மா இறக்கவில்லை.

"நீ இன்னும் சொல்லலையே."

சொன்னேன். இல்லம் எங்கே இருக்கிறது, அறை எப்படி இருக்கும், என்றைக்குப் போக வேண்டும், எல்லாம். நீட்டிய கையோடேயே கேட்டுக்கொண்டாள்.

"அங்க பின்னல் ஊசி வச்சுக்க விடுவாங்களா?"

அதைத்தான் நானும் அங்கே முதலில் கேட்டிருந்தேன்.

"கூரா எதுவும் கூடாதாம்மா."

அம்மா என் மடியிலிருந்த உருண்டையைப் பார்த்தாள்.

"அப்ப இதை எதுக்குடி சுத்தின?" என்று கேட்டுவிட்டுக் கைகளை இறக்கினாள்.