பன்னிரண்டாம் போர்ட்

கணினியின் முதுகை விரலால் மூன்றாவது முறையாகத் தடவினாள். தட்டையான வாய்கள் நான்கு, வட்டமாக ஒன்று, காற்று போக வரிசையாகத் துளைகள். இரண்டு பக்கமும் திருகாணி வைத்த அந்த அகலமான ஒன்பது முனை வாய் மட்டும் இல்லை. கையில் இருந்த கேபிளின் தலைக்குப் போக இடமில்லை.

பழைய கணினியை அண்ணன் நேற்று மாற்றிவிட்டிருந்தான். அவள் தோழி வீட்டுக்குப் போயிருந்த நேரம் பார்த்து ஆள் வைத்து மாற்றிவிட்டு, திரும்பி வந்தவளை நாற்காலியில் உட்காரவைத்து, "உனக்கு ஒரு சர்ப்ரைஸ்" என்றான். ஃபைல்களை ஒன்று விடாமல் ஏற்றியிருந்தான். திரையை வாசித்துக் காட்டும் மென்பொருளையும் போட்டிருந்தான். பழையதைக் கடைக்காரனிடமே கழித்துக் கட்டிவிட்டான். அவளும் இரண்டு விசையைத் தட்டிப் பார்த்து, "நல்லா வேகமா இருக்கு" என்று சொல்லித் தொலைத்திருந்தாள். இன்று திங்கட்கிழமை காலை அந்த வாக்கியத்தை நினைக்க நினைக்கப் பற்றிக்கொண்டு வந்தது.

அவளுடைய வேலை மெய்ப்புத் திருத்துவது. பள்ளிக்கூடப் பாடப்புத்தகங்கள். எட்டு வருஷமாக ஒரே பதிப்பகத்துக்குச் செய்கிறாள். பார்வை பிறவியிலேயே இல்லை. கணினியின் குரல் எல்லாவற்றையும் வாசித்துக் காட்டும் என்பது ஊருக்கெல்லாம் தெரியும். ஆனால் அந்தக் குரலுக்கு றன்னகரமும் டண்ணகரமும் ஒன்றுதான், ரகரமும் றகரமும் ஒன்றுதான். ஏரிக்கரையை ஏரிக்கறை என்று அடித்திருந்தாலும் அதே சுரத்தில் படித்துவிட்டுப் போய்விடும். ஒருமுறை தலைமையாசிரியரின் பனிச்சுமை என்று வந்திருந்ததைக் குரல் கூசாமல் படித்தது. விரல்தான் நின்றது. விசைப்பலகைக்குக் கீழே இருக்கும் பிரெயில் புள்ளிப்பட்டை அவளுக்கு அதற்காகத்தான். நாற்பது கட்டங்கள், கட்டத்துக்கு எட்டு ஊசிகள். திரையில் இருக்கும் வரி அதில் புள்ளிகளாக எழும்பும். பழைய காலத்துப் பட்டை. அந்த ஒன்பது முனை வாய் வழியாக மட்டும்தான் கணினியோடு பேசும்.

ஏழாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தில் கடைசி இரண்டு பாடங்கள் மிச்சம். நாளைக் காலை பத்து மணிக்கு அச்சுக்குப் போகவேண்டும்.

அண்ணனுக்குப் போன் போட்டாள். அவன் மீட்டிங்கில் இருந்தான். "அதுக்கு ஒரு சின்ன வயர் இருக்குமாம், ஒரு பக்கம் யூஎஸ்பி, இன்னொரு பக்கம் உன்னோட பழைய வாய். கடைக்காரர்கிட்ட சொல்லிட்டேன், வந்து மாட்டிக் குடுப்பார். டென்ஷன் ஆகாத" என்று குரலைத் தாழ்த்திச் சொல்லிவிட்டு வைத்துவிட்டான்.

கம்ப்யூட்டர்காரர் பதினொன்றரைக்கு வந்தார். அறைக்குள் வந்ததும் அண்ணியைப் பார்த்து, "என்ன மேடம் ப்ராப்ளம்?" என்றார். அண்ணி தனக்குத் தெரிந்ததைச் சொன்னாள். அவர் அவளுடைய நாற்காலியின் முதுகைப் பிடித்து, "கொஞ்சம் இவங்களை எந்திரிக்கச் சொல்றீங்களா?" என்றார்.

"எனக்குக் காது கேக்கும். என்கிட்டயே சொல்லலாம்" என்றாள்.

"அய்யோ, தப்பா எடுத்துக்காதீங்க" என்றபடி உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் அவர் செய்த முதல் வேலை, வாசிக்கும் குரலை நிறுத்தியது. "இது பாட்டுக்குப் பேசிக்கிட்டே இருந்தா எனக்கு வேலை ஓடாது" என்று அண்ணியிடம் சொன்னார்.

அதன் பிறகு அறையில் சுட்டியின் சொடுக்குச் சத்தம் மட்டும்தான். திரையில் என்ன நடக்கிறது, எதைத் திறக்கிறார், எதை மூடுகிறார் என்று ஒன்றும் தெரியாமல், தன் அறையில், தன் மேசைக்குப் பக்கத்தில், பஸ்ஸுக்கு நிற்பவளைப்போல நின்றாள். வயரை ஒரு வாயில் செருகினார். பிடுங்கி அடுத்தடுத்த வாய்களில் செருகினார். பையிலிருந்து வேறு இரண்டு வயர்களை எடுத்து, ஒவ்வொன்றையும் நான்கு வாயிலும் மாறி மாறிச் செருகினார். ஒவ்வொரு முறையும் கணினி டிங் என்றது.

"எந்த போர்ட் நம்பர் காட்டுது?" என்று கேட்டாள்.

சுட்டி இன்னும் இரண்டு முறை சொடுக்கியது. பிறகு அவர் அண்ணியிடம், "மேடம், வயர் நல்லாத்தான் இருக்கு. அந்தப் பட்டைதான் செத்துப்போச்சு. இந்தக் காலத்துல யாரு இதை வச்சிருக்காங்க? போன்லயே எல்லாம் படிச்சுக் காட்டிடுது" என்றார்.

"வெள்ளிக்கிழமை சாயங்காலம் வரைக்கும் அதுலதான் வேலை பாத்தேன்" என்றாள் அவள்.

"எலக்ட்ரானிக்ஸ் அப்படித்தாங்க. நேத்து இருக்கும், இன்னைக்கு இருக்காது."

அவள் கை தானாக நீண்டு மேசையைத் தேடியது. பட்டை அங்கே இல்லை. அவர் அதைத் தூக்கிக் கட்டிலில் போட்டிருந்தார். தலையணைக்கும் போர்வைக்கும் நடுவில் தலைகீழாக, ஊசிகள் மெத்தையில் அழுந்தக் கிடந்தது. தடவிக் கண்டுபிடித்து, அதை இரண்டு கையாலும் எடுத்தாள்.

"நீங்க கிளம்புங்க."

"இல்லங்க, சார் வந்ததும் நான் அவர்கிட்ட பேசி, புது மாடல்..."

"வயரை வச்சிட்டுக் கிளம்புங்க. இனிமே என் பொருளைத் தொடாதீங்க."

அவர் செருப்பு மாட்டும் சத்தம் கேட்டது. அண்ணி வாசல்வரை போய்விட்டு வந்து, "கொஞ்சம் பொறுமையாச் சொல்லியிருக்கலாம்" என்றாள். அவள் திரும்பவில்லை. அண்ணி அறைக் கதவுவரை போய் நின்றாள். பிறகு, "நான் உன்கிட்டயே கேளுங்கன்னு சொல்லியிருக்கணும்" என்று மெதுவாகச் சொல்லிவிட்டுப் போனாள்.

அவள் எழுந்து கதவைத் தாழ் போட்டாள். மூன்று விசைகளைச் சேர்த்து அழுத்தி முதலில் குரலை உயிர்ப்பித்தாள். பிறகு பட்டையை மடியில் வைத்து, ஓரத்து விசைகள் இரண்டையும் அழுத்திக்கொண்டே சுவிட்சைப் போட்டாள். நாற்பது கட்டத்திலும் எல்லா ஊசிகளும் ஒன்றாக எழும்பி உள்ளங்கையில் முட்டின. செத்தவன் யாரடா என்று சத்தமாகவே கேட்டாள்.

வயரைப் பிடுங்கி மறுபடி செருகினாள். கருவிகளின் பட்டியலைத் திறந்து, அம்புக்குறி விசையால் ஒவ்வொன்றாகக் கீழே இறங்கினாள். குரல் ஆங்கிலத்தில் மூக்கால் வாசித்தது. போர்ட் என்ற தலைப்பின் கீழ் ஒரே ஒரு பெயர். முடிவில் போர்ட் எண், காம் பன்னிரண்டு.

பட்டையோடு வந்த மென்பொருள் பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்கு முந்தையது. அதன் போர்ட் பட்டியலைத் திறந்து பார்த்தாள். ஒன்றிலிருந்து எட்டுவரைதான் இருந்தது. அப்போதுதான் புரிந்தது. அந்த ஆள் ஒவ்வொரு வயரையும் ஒவ்வொரு வாயாக மாற்றி மாற்றிச் செருகியபோதெல்லாம் கணினி ஒரு புது எண்ணை ஒதுக்கிக்கொண்டே வந்திருக்கிறது. கடைசியில் பட்டை எட்டிப் பார்க்கவே முடியாத கதவு ஒன்றில் வயரைக் கொண்டுபோய் நிறுத்திவிட்டு, பட்டை செத்துவிட்டது என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். அவள் கேட்ட ஒரே கேள்வி அந்த எண்தான். கேட்டபோதே பதில் சொல்லியிருந்தால் வேலை ஐந்து நிமிஷத்தில் முடிந்திருக்கும்.

எண்ணை மாற்றும் இடத்தைத் தேடிப் பிடிக்க அரை மணி நேரமானது. இரண்டைக் கேட்டாள், உபயோகத்தில் இருக்கிறது என்றது. ஐந்து, அதுவும் உபயோகத்தில். யார் உபயோகிக்கிறார்கள்? ஒருவரும் இல்லை. எல்லாம் அவர் செருகிப் பிடுங்கிய வாய்களின் ஆவிகள். இருந்தாலும் மாற்றவா என்று கணினி கேட்டது. மாற்று என்று அடித்தாள். பட்டையில் ஒன்றும் எழும்பவில்லை. மேசையை ஓங்கிக் குத்தினாள். பேனாக்கள் உருண்டு கீழே விழுந்தன. சமையலறையில் பாத்திரம் கழுவும் ஓசை நின்று, பிறகு தொடர்ந்தது.

கீழே குனிந்து பேனாக்களைப் பொறுக்கும்போது, வயரைக் கழற்றி மாட்டாமல் புது எண் பதியாதோ என்று தோன்றியது. கழற்றினாள். பத்துவரை எண்ணினாள். மாட்டினாள்.

இடது ஓரத்துக் கட்டத்தில் ஊசிகள் அசைந்தன. விரலை வைத்தாள். நீரின் மூன்று நிலைகள்.

அழுகை வரும் என்று நினைத்தாள். வந்தது கோபம்தான், காலையில் இருந்ததைவிட அதிகமாக.

அண்ணன் ஆறு மணிக்கு வந்தான். அவள் கடைசிப் பாடத்தின் நடுவில் இருந்தாள். தாழை எடுத்துவிட்டு மறுபடி வந்து உட்கார்ந்துகொண்டாள்.

"கடைக்காரர் போன் பண்ணினார். விரட்டிட்டியாமே?"

"ஆமா."

"இப்ப ஓடுதா?"

"ஓடுது. நான்தான் ஓடவச்சேன்."

"அப்புறம் என்ன? இதுக்கா இவ்வளவு? உனக்கு நல்லதா ஒண்ணு வாங்கித் தரணும்னு மூணு மாசமா யோசிச்சேன். அது ஒரு குத்தமா?"

அவள் நாற்காலியைத் திருப்பினாள். "மூணு மாசம் யோசிச்ச. ஒரு நாள் என்னைக் கேட்டியா?"

"கேட்டா சர்ப்ரைஸ் எப்படிம்மா ஆகும்?"

"என் மேசைமேல எனக்கு சர்ப்ரைஸ் வேண்டாம். எட்டு வருஷமா நான் இங்க வேலை பாக்குறேன்னு நினைக்கிறியா, பொழுது போக்குறேன்னு நினைக்கிறியா?"

அவன் மூச்சு கனத்தது தெரிந்தது. புண்பட்டிருக்கிறான். படட்டும் என்று நினைத்தாள். சமாதானமாக ஒரு வார்த்தை சொன்னால் இந்த வீட்டில் எல்லாம் பழையபடி ஆகிவிடும் என்று அவளுக்குத் தெரியும். அந்த வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு நாற்காலியைத் திரும்பத் திருப்பி, வரியில் விரலை வைத்தாள். உப்பு நீர் பணிக்கட்டியாக உறையும் வெப்பநிலை. டண்ணகரத்தை அடித்துவிட்டு றன்னகரம் போட்டாள்.

போய்விடுவான் என்று எதிர்பார்த்தாள். கட்டில் கிறீச்சிட்டது. உட்கார்ந்துவிட்டான். வெளியே தெருவில் யாரோ வண்டியை உதைத்து உதைத்துக் கிளப்பப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் அடுத்த வரிக்குப் போனாள். அதற்கடுத்த வரிக்குப் போனாள்.

"அது என்ன சத்தம்?" என்றான் கொஞ்ச நேரம் கழித்து.

"எது?"

"பொலபொலன்னு. இப்ப கேட்டுச்சே."

ஒரே வீட்டில் இத்தனை வருஷம். அவள் விசையை வேண்டுமென்றே ஓங்கித் தட்டினாள். நாற்பது கட்டங்களிலும் ஊசிகள் ஒரே சமயத்தில் விழுந்து, விரல்களுக்கடியில் வேறு வரியாக எழுந்து நின்றன.