கேஸ்கட்டுக்கு வண்டிமை

உடையப்பன் கார் வாங்கியதில் ஊருக்கே பெருமை. அவன் பெண்டாட்டிக்கு மட்டும் குமட்டல்.

புதுக்கோட்டையில் இருந்த டாக்டர் ஒருவர் மெட்ராஸுக்குக் குடிபோகும்போது விற்றுவிட்டுப் போன கறுப்புக் கார் அது. முந்திரிக்கொட்டை நல்ல விலைக்குப் போன வருஷம், கிணற்றுக்கு மோட்டார் வாங்குகிறேன் என்று டவுனுக்குப் போன உடையப்பன் காரோடு திரும்பி வந்தான். ஆதனக்கோட்டைப் பக்கத்தில் அப்போது சொந்தமாகக் கார் வைத்திருந்தவர்கள் ரொம்பக் குறைவு. கண்ணாத்தாளை ஏற்றிக்கொண்டு கோயிலுக்குக் கிளம்பினான். பாதி வழியில் அவள் இறங்கிப் புளியமரத்தடியில் வாந்தி எடுத்தாள். மசக்கை என்று எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள். மசக்கைதான். ஆனால் மசக்கை தீர்ந்த பிறகும் காரில் ஏறினால் வாந்தி நிற்கவில்லை.

"காரு ஓடுறது எனக்கு ஒண்ணும் பண்ணல. அந்தக் கருகுன எண்ணெ நாத்தந்தான் கொடலப் பொரட்டுது" என்றாள்.

அவள் சொன்னது சரி. எஞ்சினின் தலையில் ஒரு தகர மூடி கவிழ்ந்திருக்கும். எண்ணெய் வெளியே வராமலிருக்க மூடிக்கடியில் தக்கையால் ஆன பட்டை ஒன்றை வைத்திருப்பார்கள். கேஸ்கட் என்று பெயர். டாக்டர் காலத்திலேயே அது காய்ந்து சுருங்கிவிட்டது. கசிந்த எண்ணெய், கொதிக்கிற புகைக்குழாயில் சொட்டிப் புகைந்து காருக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும். உடையப்பனுக்கு மட்டும் அது நாற்றமாகப் படவில்லை. கார் என்றால் அப்படித்தான் மணக்கும் என்பது அவன் கட்சி.

அந்தக் கட்சியெல்லாம் வளைகாப்பு அன்று கரைந்துபோனது. காலையில் வளையல் அடுக்கி முடித்தாயிற்று. வந்த பெண்கள் மத்தியான பஸ்ஸிலேயே போய்விட்டார்கள். மறுநாள் கண்ணாத்தாள் கந்தர்வக்கோட்டைக்குப் பக்கத்திலிருக்கும் தாய்வீட்டுக்குப் போகிறாள். அழைத்துப்போக அவள் அண்ணன் செல்லமுத்து, கூண்டு வண்டியும் வெள்ளைக் காளைகளுமாக வந்து இறங்கியிருந்தான். இனிப் பிள்ளை பிறந்து, அதற்குத் தலை நிற்கிற வரைக்கும் அவள் அங்கேதான். இவன் போய்ப் பார்க்கலாம். மாமியார் கொடுக்கும் பலகாரத்தைத் தின்றுவிட்டு, நாலு பேர் நடுவில் "சௌக்கியமா" என்று கேட்டுவிட்டுத் திரும்பலாம். அவ்வளவுதான். அதனால் அந்தக் கடைசிப் பயணமாவது தன் காரில், தன் பக்கத்தில் அவள் உட்கார்ந்து வரவேண்டும் என்று உடையப்பன் ஏங்கினான். வாய்விட்டுச் சொல்லத்தான் வெட்கமாக இருந்தது.

"மச்சான், நான் கார்ல கொண்டாந்து விட்டுர்றேன்" என்று மட்டும் சொன்னான்.

"எது, அந்த வாந்தி வண்டியிலயா?" என்றான் செல்லமுத்து. "நம்ம வண்டியில வக்கோல மெத்தையாப் போட்டுச் சமுக்காளம் விரிச்சிருக்கேன் மாப்ள. புள்ளத்தாச்சி படுத்துக்கிட்டே வரலாம்."

"நாத்தம் இல்லாமப் பண்ணிட்டா?"

"பண்ணு, பாப்போம். பொழுது சாயறதுக்குள்ள தங்கச்சி வந்து மோந்து பாக்கட்டும். நல்லாருக்குன்னு சொன்னா கார்ல போகட்டும். இல்லன்னா வண்டிதான்."

வெளியில் கட்சி பேசினாலும், கண்ணாத்தாளுக்காக உடையப்பன் போன வாரமே டவுனிலிருந்து புதுக் கேஸ்கட் ஒன்று வாங்கி வந்து பரண்மேல் வைத்திருந்தான். மூடியைக் கழற்றி, பழையதைச் சுரண்டி, புதியதை வைத்து மூடவேண்டியதுதான் என்று கடையில் சொல்லியிருந்தார்கள். வேப்பமரத்து நிழலில் காரை நிறுத்தி, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினான். மூடிக்கு மேலே இரண்டே நட்டு. சுலபமாகக் கழன்று வந்தது. பழைய தக்கை ஓடுபோல் இறுகி, தொட்ட இடமெல்லாம் பொடிந்தது. தூள் எஞ்சினுக்குள் விழாமல் பழந்துணியை அடைத்துவிட்டு, கத்தி முனையால் பொறுமையாகச் சுரண்டினான். இதுவரை அவன் செய்ததில் ஒரு குற்றமும் கிடையாது.

புதுத் தக்கையை எடுத்து வைக்கப் போகும்போதுதான் செல்லமுத்து வெற்றிலையைத் துப்பிவிட்டுப் பக்கத்தில் வந்தான்.

"மாப்ள, பழசு காஞ்சுபோயித்தான கசிஞ்சுது?"

"ஆமா மச்சான்."

"அப்பப் புதுசையும் காஞ்சாப்புல வச்சா அதுவும் சுருங்காதா?"

வண்டிமாடு வைத்துப் பிழைத்த பரம்பரை இரண்டு பேரும். எது கிறீச்சிட்டாலும், எது காய்ந்தாலும் அவர்களுக்குத் தெரிந்த மருந்து ஒன்றுதான். செல்லமுத்து போய், வண்டிக்கடியில் தொங்கிய மூங்கில் குழாயை எடுத்து வந்தான். வைக்கோல் கரியும் விளக்கெண்ணெயும் குழைத்த வண்டிமை அதில் நிறைய இருந்தது. தக்கையின் இரண்டு பக்கமும் வழிய வழியப் பூசினார்கள். மூடியை வைத்தார்கள். நட்டை முறுக்க உடையப்பன் போதாது என்று செல்லமுத்துவே ஸ்பேனரைப் பிடித்து, அச்சாணி இறுக்குகிற வேகத்தில் முக்கி முக்கி முறுக்கினான். இருவருக்கும் வேலை பரம திருப்தி.

காரைக் கிளப்பினார்கள். ஒரு பக்கத்துத் தக்கை மூடிக்கடியிலிருந்து வழுக்கிக்கொண்டு வெளியே பிதுங்கியது. முன்பு சொட்டிய எண்ணெய் இப்போது ஒழுகியது. விளக்கெண்ணெயும் சேர்ந்து கருகிய புகை வேப்பமரத்துக் காக்கைகளையே கிளப்பிவிட்டது.

உடையப்பனுக்கு அழுகை வரும்போலிருந்தது. வந்தது கோபம்.

"வேணும்னே பண்ணிட்டீங்க மச்சான். ஒங்க வண்டியிலதான் அவ வரணும்னு பண்ணிட்டீங்க."

செல்லமுத்துவின் முகம் சுண்டிப்போனது. "எந்தங்கச்சி விசயத்துல நான் வெளையாடுவேனா மாப்ள? எனக்குத் தெரிஞ்சதச் செஞ்சேன்" என்றான். அவன் பொய் சொல்லவில்லை என்பது அந்தக் குரலிலேயே தெரிந்தது. அதனால் உடையப்பனுக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது.

கை நிறைய வளையல் குலுங்க, முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு கண்ணாத்தாள் வெளியே வந்தாள். காரைப் பார்த்தாள். குழாயைப் பார்த்தாள். அப்புறம் இரண்டு ஆண்பிள்ளைகளையும் பார்த்தாள்.

"இந்தத் தக்கை சுத்தணுமா, இருந்த எடத்துல இருக்கணுமா?"

"இருக்கணும்" என்றான் உடையப்பன்.

"சுத்துற சாமானுக்குத்தான மை போடுவாக?"

செல்லமுத்து தன் காளைகளுக்குத் தண்ணீர் காட்டவேண்டும் என்று திடீரென்று ஞாபகம் வந்தவனாக நகரப் பார்த்தான். "நில்லுண்ணே" என்று ஒரு சொல்லில் அவள் அவனை நிறுத்தினாள்.

நல்ல வேளை, தக்கை கிழியவில்லை. எண்ணெய்த் தலைக்குத் தேய்ப்பதுபோல் சீயக்காய் போட்டு இரண்டு தரம் அலசிச் சுளகில் காயவைத்தாள். அதற்குள் உடையப்பன் மூடியையும் எஞ்சின் விளிம்பையும் மை பிசுக்கில்லாமல் துடைத்தெடுத்தான். செல்லமுத்து முறுக்கிய முறுக்கில் மூடியின் விளிம்பு வளைந்துபோயிருந்தது. அவனே அதை அம்மிக்கல்லில் கவிழ்த்து, மரச்சுத்தியால் தட்டித் தட்டி நிமிர்த்தினான். கண்ணாத்தாள் தக்கையை மூடியோடு பொருத்தி, நகராதபடி அங்கங்கே தையல்நூலால் கட்டிக் கொடுத்தாள். உடையப்பன் நட்டைப் பிடித்தான். கொஞ்சம் இறுகியதுமே அவள் அவன் மணிக்கட்டில் கைவைத்தாள்.

"போதும்."

"இன்னம் ஒரு சுத்து..."

"போதுங்கிறேன்ல."

விட்டுவிட்டான். காரைக் கிளப்பி நெடுநேரம் ஓடவிட்டார்கள். கண்ணாத்தாள் கதவைத் திறந்து உள்ளே உட்கார்ந்து, கண்ணை மூடி மூச்சை இழுத்தாள். உடையப்பன் தன் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"சீயக்கா வாசந்தான் வருது" என்றாள்.

செல்லமுத்து பெரிய மனுஷன். சொன்ன சொல்லை மாற்றவில்லை. "சரி மாப்ள, சீர் சாமான நான் ஏத்திக்கிட்டு வெள்ளன போறேன். நீங்க பின்னால வாங்க" என்றான்.

மறுநாள் நல்ல நேரம் பார்த்துக் கார் புறப்பட்டது. மகாராஜா காலத்தில் போட்ட ரோடு, இரண்டு பக்கமும் முந்திரித் தோப்பு. கண்ணாத்தாள் முன்னால் உட்கார்ந்து ஜன்னலில் கை வைத்துக்கொண்டு வந்தாள். வாந்தி இல்லை, குமட்டல் இல்லை. உடையப்பனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கார் எவ்வளவு அழகாக ஓடுகிறது என்று அவளுக்குக் காட்ட வேகத்தைக் கூட்டினான். மைல்கற்கள் பின்னால் ஓடின. இன்னும் இரண்டு கல் ஓடிய பிறகுதான் அவனுக்கு உறைத்தது. இந்த வேகத்தில் போனால் வெற்றிலை போட்டு மெல்லுவதற்குள் மாமியார் வீட்டு வாசல் வந்துவிடும். அப்புறம் எத்தனை மாதம். காலை மெல்ல எடுத்தான்.

வளைவு திரும்பியதும் முன்னால் செல்லமுத்துவின் வண்டி ஆடி அசைந்து போய்க்கொண்டிருந்தது. உடையப்பன் வழக்கம்போல் ஹாரனுக்குக் கையைக் கொண்டுபோனான். கண்ணாத்தாள் அந்தக் கையைப் பிடித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"அண்ணன ஒதுங்கச் சொல்லாதீங்க. பின்னாலயே போங்க."

கார் முனகிக்கொண்டே காளைகளின் பின்னால் ஊர்ந்தது. வண்டியைத் தொடர்ந்து ஒரு மைல் போனது, இன்னொரு மைல் போனது. செல்லமுத்து திரும்பித் திரும்பிப் பார்த்தான். கடைசியில் பொறுக்கமாட்டாமல் கூண்டுக்கு வெளியே தலையை நீட்டிக் கத்தினான்.

"என்ன மாப்ள, மறுபடியும் ரிப்பேரா?"

"ஆமான்னு சொல்லுங்க" என்றாள் கண்ணாத்தாள், கையை விடாமல்.

"ஆமா மச்சான்" என்றான் உடையப்பன். தன் காரைப் பற்றி ஒரு குறையை அவன் சந்தோஷமாக ஒப்புக்கொண்டது அதுதான் முதல் தடவை.