ஃப்ளோரன்ஸ் வீட்டுப் புயல்

ஆண்டவருக்கு மாலை போடுகிறவள் பூவைக் கொஞ்சம் உதறிவிட்டுப் போடக் கூடாதா? ஃப்ளோரன்ஸ் உதறவில்லை. பூக்காரி தண்ணீர் தெளித்துக் கொடுத்த மல்லிகைச் சரத்தை அப்படியே படத்துக்குச் சாத்திவிட்டாள். மறுநாள் பார்த்தால், கண்ணாடிக்குள் ஈரம்.

அவளுடைய படமாக இருந்தாலாவது பரவாயில்லை. அது ராயபுரம் கோவிலின் அன்பியத்துக்கு, அதாவது தெரு ஜெபக் குழுவுக்குச் சொந்தம். வீட்டுக்கு ஒரு வாரம் தங்கும், தெருவே கூடி அதன் முன் ஜெபமாலை சொல்லும், ஞாயிறன்று அடுத்த வீட்டுக்குப் போகும். முந்நூறு வருஷத்துக்கு முன் சீமையில் செம்புத் தகட்டை அமிலத்தால் அரித்து அச்செடுத்த படம் என்று பங்குச்சாமி சொல்லியிருக்கிறார். வானமும் கடலும் புயலும் எல்லாமே கறுப்புக் கோடுதான். படகு ஒருக்களித்துக் கிடக்கிறது, சீடர்கள் அலறுகிறார்கள், இயேசு மட்டும் நிம்மதியாகத் தூங்குகிறார். ஃப்ளோரன்ஸின் புருஷன் ஜெரால்ட் லாஞ்சில் மீன்பிடிக்கப் போய் ஒரு வாரத்துக்கு மேலாகிறது, போனும் இல்லை. அதனால் அவளுக்கு அது படமாகவே தெரியவில்லை, அவன் ஏறிப்போன படகாகத்தான் தெரிந்தது.

சட்டத்தைப் பிரித்தாள். வேறு இடமே கிடைக்காத மாதிரி, படகு இருக்கும் இடத்தில்தான் காகிதம் கண்ணாடியோடு ஒட்டியிருந்தது. இழுத்தால் கிழிந்துவிடும்.

நாத்தனார் சில்வியா வந்து எட்டிப் பார்த்தாள். "பேஜாராவாத அண்ணி. கண்ணாடியோட தண்ணில போடு, தானா வந்துரும். வெள்ளத்தப்ப எங்கம்மா கல்யாண போட்டோவ அப்டித்தான் எட்த்தேன்."

"படகத் தண்ணில முக்க சொல்றியா? உங்கண்ணன் கடல்ல கீதுடி!"

"காஞ்சிச்சின்னா ஒட்னது ஒட்னதுதான். அப்பால யாராண்ட போய் அழுவ?"

துணி ஊறவைக்கும் டப்பில் தண்ணீர் பிடித்தார்கள். ஃப்ளோரன்ஸ் சிலுவை போட்டுக்கொண்டு, கண்ணை இறுக மூடிக்கொண்டு படத்தை உள்ளே விட்டாள். அருள் நிறைந்த மரியே சொல்லி முடித்து, மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தாள்.

"கண்ணத் தொற அண்ணி."

கண்ணாடி அடியில் கிடந்தது. காகிதம் தனியாக மேலே மிதந்தது. ஒரு கோடுகூடக் கலையவில்லை. படகு இருந்தது, பாய்மரம் இருந்தது, இயேசு இன்னும் தூங்கிக்கொண்டிருந்தார். ஃப்ளோரன்ஸ் அழுதாள், அழுதுகொண்டே சிரித்தாள்.

கிளிப் மாட்டிக் கொடியில் தொங்கவிடும்போது போன் அடித்தது.

"நாந்தான்," என்றான் ஜெரால்ட். "எண்ணூராண்ட வந்துட்டோம், இப்பத்தான் டவர் கெடச்சிது. இன்னா பண்ணிகினு கீற?"

"ஒன்னத்தான்யா," என்றாள் ஃப்ளோரன்ஸ். "கொடில காயப் போட்டுகினு கீறேன்."