மாத்திரையைக் கொட்டியவன் கெட்டவன் இல்லை

1

இந்தக் கதை ஒரு மருந்துக்கடையில் எனக்குக் கிடைத்தது. பெரிய வயிற்றோடு நின்ற பெண்ணிடம் சீட்டைத் திருப்பி நீட்டிய கடைக்காரர், "வயித்துல பிள்ளைய வச்சுக்கிட்டு இந்த மாத்திரையா கேக்குறீங்க?" என்றார், தெருவுக்கே கேட்கும்படி. அவள் சீட்டை மடித்துக்கொண்டு இறங்கிப் போனாள். மற்றதெல்லாம் என் கற்பனை.

2

'அவள் கண்களில் சொல்லவொண்ணாத சோகம் —'

வேண்டாம். கண்களை விடுங்கள். கைகளில் முழங்கை வரை தீக்காயத் தழும்பு. வேலை பார்த்த ரொட்டிக்கடையில் அடுப்பு வெடித்தபோது பக்கத்தில் நின்ற தோழி அங்கேயே செத்துப்போனாள், இவள் பிழைத்தாள். வலிக்குக் கொடுத்த மாத்திரை, புண் ஆறியும் இவளை விடவில்லை. போடாத நாளில் தோழியின் அலறல் காதிலேயே நின்றது. அந்த நிலையில்தான் உண்டானாள்.

வெட்கத்தை விழுங்கிக்கொண்டு மருத்துவரிடம் சொன்னாள்.

"சட்டுனு நிறுத்தினா பிள்ளைக்கு ஆபத்தும்மா. வேற மாத்திரை தர்றேன், தினமும் தவறாம நாக்குக்கு அடியில வச்சுக் கரைய விடுங்க. அந்த அலறலுக்கும் வைத்தியம் இருக்கு. வாராவாரம் வந்து பேசுங்க."

போட்டாள், பேசினாள். பிள்ளை உதைத்தால் சிரிக்கும் அளவுக்குத் தேறினாள்.

3

இங்கே எனக்கு ஒரு வில்லன் தேவைப்பட்டது. பேருந்து ஓட்டும் கணவனைப் பிடித்துப் போட்டேன். ஒட்டவில்லை. [அவள் கால் வீங்கினால் வெந்நீர் வைப்பவன் அவன். அதுதான் தொல்லை.]

அவன் அக்கா சொன்னாள்: "ஒரு போதைய விடுறதுக்கு இன்னொரு போதையா? உன் பிள்ளைடா அது."

மறுநாள் காலை மாத்திரை அத்தனையையும் கழிப்பறையில் கொட்டித் தண்ணீர் ஊற்றினான்.

"உன் நல்லதுக்குத்தான். பல்லைக் கடிச்சுக்கோ."

4

கடித்தாள். வேர்த்துக் கொட்டியது, எலும்பெல்லாம் முறுக்கியது, அலறல் திரும்பி வந்தது. சீட்டை எடுத்துக்கொண்டு மருந்துக்கடைக்குப் போனாள். அங்கே நடந்ததை முதலிலேயே சொல்லிவிட்டேன். வயிறு கல்லாக இறுக, வழியில் வந்த வண்டியை மறித்து ஏறித் தனியாக மருத்துவமனை போய்ச் சேர்ந்தாள்.

[முதலில் பிள்ளையைக் கொன்றிருந்தேன். அந்தப் பக்கத்தை அடித்துவிட்டேன். நீங்கள் நாலு சொட்டுக் கண்ணீர் விட்டுவிட்டு நிம்மதியாகப் போயிருப்பீர்கள்.]

பிள்ளை பிறந்தது, பிழைத்தது. நடுங்கியது, வீறிட்டது, பால் குடிக்கத் திணறியது.

"வயித்துலயே மாத்திரைக்குப் பழகின பிள்ளை, இது நாங்க எதிர்பார்த்ததுதாம்மா, சரியாயிடும். நெஞ்சோட அணைச்சே வச்சுக்கோங்க" என்றார் மருத்துவர். மாத்திரையையும் மறுபடி தொடங்கினார்.

பார்க்க வந்த நாத்தனார், "அன்னைக்கே சொன்னேன்ல, எல்லாம் அந்த மாத்திரை பண்ண வேலை" என்றாள். கொட்டியவன் சன்னலைப் பார்த்தபடி நின்றான்.

5

அவன் மன்னிப்புக் கேட்பதாக ஒரு முடிவு எழுதினேன். அவன் வாயில் அது நுழையவில்லை. அவள் பிள்ளையோடு வெளியேறுவதாக இன்னொன்று. எங்கே போவாள் என்று எனக்கே தெரியவில்லை.

ஆகவே இவ்வளவுதான்: பிள்ளை அவள் மார்பில் உறங்குகிறது. அக்கா போனதும் அவன் கட்டிலோரம் உட்கார்ந்து, மெதுவாக, பிரியமாகக் கேட்கிறான்: "இனிமேலாவது அந்த மாத்திரைய விட்டுடுவியா?"

மாத்திரை அவள் நாக்குக்கு அடியில் இருக்கிறது. கரையும் வரை வாயைத் திறக்கக் கூடாது. அதற்குள் அவள் பதிலை நீங்கள் எழுதிவிடுங்கள்.

மன்னித்துவிட்டாள் என்று மட்டும் எழுதாதீர்கள்.